ஈயம் போன வழி: பினாங்கு, பேராக் தபால்தலைகளைச் சேர்க்கும் முறை

பினாங்கில் தபால்தலை சேர்க்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே கேட்கும் கேள்வி, “ஈயச் சுரங்கம் படம் போட்ட ஸ்டாம்பு எங்கே கிடைக்கும்?” என்பதுதான். கிடைக்கும், ஆனால் மிகக் குறைவு. 1867 முதல் இரண்டாம் உலகப்போர் வரை இந்தக் கரையில் விற்ற தபால்தலைகளில் இங்கிலாந்தின் அரசியும் அரசர்களும் இருக்கிறார்கள். பாயும் புலி இருக்கிறது, யானைக் கூட்டம் இருக்கிறது, கடைசியாகச் சுல்தான்களும் வருகிறார்கள். நாட்டின் கஜானாவை நிரப்பிய வெள்ளீயத்தைத்தான் காணோம். படத்தை மட்டும் தேடிப் போனால் உங்கள் ஆல்பம் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

இந்த அத்தியாயம் வேறு வழியைச் சொல்கிறது. தபால்தலையின் படத்தை விட்டுவிட்டு அதன்மேல் விழுந்த முத்திரையைப் பாருங்கள். உறையின் முன்னும் பின்னும் பாருங்கள். ஈயம் எந்த ஊரில் தோண்டப்பட்டது, எந்த வண்டியில் ஏறியது, எந்தத் துறையில் இறங்கியது, யார் பணத்தில் நடந்தது என்பதெல்லாம் அங்கே மையாக விழுந்து கிடக்கிறது.

பினாங்குத் தீவில் சொல்லிக்கொள்ளும்படியான ஈயச் சுரங்கம் எதுவும் இல்லை. ஈயம் கிடந்தது எதிர்க்கரையில், தெற்கே பேராக்கில். 1848 வாக்கில் லோங் ஜஃபார் என்ற மலாய்த் தலைவர் லாருட் பகுதியில் ஈயம் எடுக்கத் தொடங்கினார். ஆனால் சுரங்கத்துக்கு வேண்டிய ஆளும் அரிசியும் முன்பணமும் பினாங்கிலிருந்துதான் போயின, வெட்டிய ஈயமும் பினாங்குக்கே வந்தது. பின்னாளில் உருக்காலைகளும் இங்கேயே எழுந்தன. ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் கம்பெனி 1902இல் பட்டர்வொர்த்தில் ஓர் ஆலையைத் திறந்தது. 1907இல் இயூ தோங் சென் முதலான சீன முதலாளிகள் சேர்ந்து தாத்தோ கிராமாட் சாலையில் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனியை நிறுவினார்கள். 1984 அக்டோபரில் கோலாலம்பூர் ஈயச் சந்தை தொடங்கும்வரை மலேசிய ஈயத்தின் அன்றாட விலை பினாங்கில்தான் நிர்ணயமானது. சுரங்கம் ஒரு கரையில், அதன் வரவுசெலவு மறுகரையில் என்று வாழ்ந்த பிரதேசம் இது. இரண்டுக்கும் நடுவே ஓயாமல் கடிதம் போய்க்கொண்டிருந்தது. நாம் சேர்க்கப்போவது அந்தக் கடிதப் போக்குவரத்தின் எச்சங்களை.

147 என்ற எண்ணிலிருந்து தொடங்குங்கள்

நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர் பெற்ற பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 வரை இந்திய நிர்வாகத்தின்கீழ் இருந்தன. அதனால் 1850களின் நடுவிலிருந்து இங்கே ஒட்டப்பட்டவை விக்டோரியா அரசியின் தலை பொறித்த இந்தியத் தபால்தலைகளே. சென்னையில் ஒட்டியதும் பினாங்கில் ஒட்டியதும் ஒரே தலை என்றால் பிரித்தறிவது எப்படி? முத்திரையில் உள்ள எண்ணால். பினாங்குக்கு ‘பி 147’, சிங்கப்பூருக்கு ‘பி 172’, மலாக்காவுக்கு ‘பி 109’. பழைய இந்தியத் தபால்தலைக் குவியல் ஒன்றைச் சென்னையிலோ மதுரையிலோ வாங்கினாலும் பூதக்கண்ணாடியால் இந்த மூன்று எண்களையும் தேடிவிட்டு அப்புறம் மற்றதைப் பாருங்கள். விற்பவர் கவனிக்காமல் விட்ட 147 இன்றும் அகப்படுவதுண்டு.

1867 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தக் குடியேற்றங்கள் நேரடி முடியாட்சிக் காலனியாயின. சந்தையில் டாலரும் சென்டும் புழங்க, தபாலாபீசில் அணாக் கணக்கு நடந்த குழப்பம் அதோடு தீர்ந்தது. செப்டம்பர் 1 முதல் இந்தியத் தபால்தலைகளின்மேல் ஒரு கிரீடத்தையும் சென்ட் மதிப்பையும் அச்சிட்டு விற்றார்கள். இப்படி மேலச்சு ஏறிய அந்த முதல் வரிசை விலை கூடியது. தொடக்கத்தில் அதன் படத்தைக் கேட்லாக்கில் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். ஆனால் தேதியை மறக்க வேண்டாம். அதற்கு முந்தைய மாதமான ஆகஸ்டில்தான் ஜார்ஜ்டவுன் தெருக்களில் பத்து நாள் கலவரம் நடந்தது. சீன ரகசியச் சங்கங்களும் வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று பிரிந்த முஸ்லிம் கூட்டங்களும் அதில் மோதின. அதில் ஒரு தரப்பான கீ ஹின் சங்கம்தான் லாருட் சுரங்கங்களிலும் ஹாய் சான் சங்கத்தோடு 1861 முதல் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. 1867 ஆகஸ்ட், செப்டம்பர் மாதத் தேதியிட்ட பினாங்கு உறை எதுவாக இருந்தாலும், எவ்வளவு கிழிந்திருந்தாலும், அந்தக் காரணத்துக்காகவே வாங்கத் தகும்.

புலியைச் சேர்க்காதீர்கள், ஊரைச் சேருங்கள்

லாருட் சண்டை 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையோடு முடிந்தது, பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்து உட்கார்ந்தார். நான்கு ஆண்டில், 1878இல், பேராக்கின் முதல் தபால்தலை வந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் 2 சென்ட் தலைமேல் நீள்வட்டத்துக்குள் பிறையும் நட்சத்திரமும் ‘பி’ எழுத்தும் அச்சிட்டதுதான் அது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுக்கு மேலாகப் பேராக் என்ற பெயரையும் புதிய மதிப்பையும் விதவிதமான எழுத்துருக்களில் மேலச்சிட்டு ஒப்பேற்றினார்கள். ஒரே தாளில் பல எழுத்துருக்கள் வரும். இந்தக் காலத்துத் தலைகளைப் புதியவர்கள் தொடாமலிருப்பது நல்லது. மேலச்சு என்பது மலிவான தலையை விலையுயர்ந்ததாக்க எவரும் பின்னாளில் அடித்துவிடக்கூடிய கறுப்பு மை. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் எவர் சொன்னாலும் வாங்காதீர்கள்.

உங்கள் சேகரிப்பின் முதுகெலும்பு புலித் தலைகள். 1891, 1892இல் மலாய் மாநிலங்களுக்கு லண்டனின் டி லா ரூ நிறுவனம் பாயும் புலியை அச்சிட்டுத் தந்தது. பேராக்கின் புலி 1892இல் வந்தது, 1895இல் புலித்தலை மட்டும் உள்ள வடிவம் தொடர்ந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கும் 1896இல் ஒரே கூட்டாட்சியானபின், 1900இலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான புலி 1930களின் நடுவரை புழக்கத்தில் இருந்தது. இத்தனை ஆண்டு ஓடியதால் சிறு மதிப்புப் புலிகள் இன்றும் கைக்கெட்டும் விலையில், கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. கேட்லாக்கைப் பின்பற்றுகிறவர் நீர்க்குறியையும் நிறச்சாயலையும் பார்த்து ஒவ்வொன்றிலும் ஒன்று வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவார். நீங்கள் அந்த மீதியை வாங்குங்கள்.

வாங்கியதை எண்ண வேண்டாம், ஊர்வாரியாகப் பிரியுங்கள். தைப்பிங், கமுண்டிங், மாத்தாங், போர்ட் வெல்ட், செலாமா ஆகியவை ஒரு குவியல். இது லாருட், பழைய வயல். ஈப்போ, பத்து காஜா, கோப்பேங், லஹாட், பாப்பான், பூசிங், துரோனோ, கம்பார், தஞ்சோங் துவாலாங் ஆகியவை இன்னொரு குவியல். இது கிந்தா பள்ளத்தாக்கு. 1880களின் இறுதியில் லாருட்டை முந்திய கிந்தா, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்தின் மிகப் பெரிய ஈய வயல்களில் ஒன்றாகிவிட்டது. உலகில் எடுத்த ஈயத்தில் பாதிக்கு மேல் அப்போது மலாயாவிலிருந்து போயிற்று. இந்த ஏற்ற இறக்கம் உங்கள் குவியல்களிலேயே தெரியும். 1890களின் தொடக்கத்தில் தைப்பிங் முத்திரைகள் தாராளமாக வரும், போகப்போக ஈப்போ பெருகும். சில சின்ன ஊர்களின் முத்திரை ஒன்றைப் பார்ப்பதற்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும்.

முத்திரையில் ஊர்ப்பெயரும் தேதியும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வெட்டுப்பட்டிருந்தால் அதே ஊரின் மற்றொரு பாதியைத் தேடி அருகில் வையுங்கள், இரண்டும் சேர்ந்து ஒரு பெயராகும். பழைய எழுத்துக்கூட்டல்களுக்கும் பழகிக்கொள்ள வேண்டும். தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் வெல்ட் இன்று குவாலா செபெத்தாங்.

ஆண்டுக்கும் ஓர் ஒழுங்கு வைத்தால் சேகரிப்பு உயிர் பெறும். 1912, 1913இல் பத்து காஜா அருகே மலாயாவின் முதல் ஈயக்கப்பல், அதாவது மிதந்தபடி ஈயம் தோண்டும் இயந்திரம், வேலைக்கு இறங்கியது. அதற்கு முன் மண்வெட்டியும் கூடையும் காலால் மிதிக்கும் ஏற்றமும், அதற்குப் பின் ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள இரும்பு. 1931இல் ஈய விலை சரிந்து உலக நாடுகள் உற்பத்திக் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டன, சுரங்கங்கள் பல மூடின. ஆகவே ஒரே ஊரில், சொல்லப்போனால் கம்பாரில், 1905, 1915, 1925, 1932 என்று நான்கு தேதி முத்திரைகளை அடுத்தடுத்து ஒட்டினால் ஒரு சுரங்க ஊரின் வாழ்க்கை அந்த வரிசையில் வந்துவிடும். நான்கும் ஒரே புலிதான், விலையும் நான்கு தேநீர் காசுக்கு மேல் அதிகம் போகாது.

ரயில், துறை, தமிழ்க் கை

தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தொலைவுள்ள ரயில்பாதை 1885 ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் ரயில் அதுதான். பயணிகளுக்காகப் போட்டதல்ல, ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கப் போட்டது. இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் சதுப்பிலும் சுரத்திலும் உழைத்து அந்தப் பாதையை அமைத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ரயில்வேயிலும் தபாலாபீசுகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் எழுத்தர்களாக அமர்ந்தார்கள். உங்கள் ஆல்பத்தில் உள்ள பேராக் முத்திரைகளில் எத்தனையோ ஒரு தமிழ்க் கை அழுத்தியவையாக இருக்கக்கூடும் என்பதை நினைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

போர்ட் வெல்ட்டில் இறங்கிய ஈயம் படகேறிப் பினாங்குக்கு வந்தது. ஆளுநர் ஃபிரடெரிக் வெல்டின் பெயரையே ஜார்ஜ்டவுனின் துறைமுகச் சாலையும் தாங்குகிறது: பெங்காலான் வெல்ட். அந்தச் சாலையில் நின்று பார்த்தால் மணிக்கூண்டோடு தெரியும் பெரிய கட்டடம் 1907இல் எழுந்த மலாயா ரயில்வே கட்டடம், இன்று சுங்க இலாகா அலுவலகம். தண்டவாளமே இல்லாத தீவில் ஒரு ரயில் நிலையம். இங்கே டிக்கெட் வாங்கி, படகில் பிறை கரைக்குப் போய் வண்டி ஏறினார்கள். தபால் பைகளும் அந்த வழியே கடந்தன. ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்து முத்திரையிட்ட ஓடும் அஞ்சலகங்களின் முத்திரைகள் இந்தப் பகுதிக்கு உண்டு. அவற்றில் ஒன்று கிடைத்தால் ஊர்க் குவியல்களுக்கு நடுவே, இரண்டையும் இணைக்கும் இடத்தில் வையுங்கள்.

இந்தப் பக்கத்துக்குத் துணையாக, மலேசிய அஞ்சல் துறை ரயில்வே நூற்றாண்டுக்கு 1985 ஜூன் 1இல் வெளியிட்ட வரிசையையும் சேர்க்கலாம். மலிவு, எளிதில் கிடைக்கும்.

கிட்டங்கியிலிருந்து காரைக்குடிக்கு

தமிழ் வாசகர் இந்தத் துறையில் உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத வசதியோடு நுழைகிறார். ஏனென்றால் பினாங்கிலிருந்து போன பழைய உறைகளில் சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடும் வகைகளுள் ஒன்று நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் உறைகள். ஆங்கிலச் சேகரிப்பாளர்கள் அவற்றில் தலையையும் முத்திரையையும் மட்டும் படிக்கிறார்கள். மீதியை நாம்தான் படிக்க வேண்டும்.

தண்ணீர்மலையில் நகரத்தார் முருகன் கோயில் எழுந்தது 1857இல். அதற்குள்ளாகவே பினாங்குத் தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் செட்டியார் கிட்டங்கிகள் வேரூன்றிவிட்டன. ஆங்கில வங்கிகள் முன்பின் தெரியாத சுரங்கக்காரருக்குக் கடன் கொடுக்கத் தயங்கிய காலத்தில், ஈயம் வெட்டும் சீன முதலாளிகளான தவுக்கேக்களுக்கும் அவர்களுக்குச் சரக்கு கொடுத்த வணிகர்களுக்கும் செட்டியார் புரோநோட்டின்பேரில் பணம் கொடுத்தார்கள். தைப்பிங்கிலும் ஈப்போவிலும் கிளைகள் வைத்தார்கள். ஒப்பந்தக் காலத்துக்கு வந்த ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். இந்த அமைப்பு முழுதும் கடிதத்தால்தான் இயங்கியது. பேராக்கில் யாருக்கு எவ்வளவு போயிற்று, வட்டி வந்ததா, ஈயத்தின் விலை என்ன என்று முதலாளிக்கு ஒவ்வொரு கப்பலிலும் எழுதியாக வேண்டும்.

அந்தக் கடிதங்கள் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்களில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய், அங்கிருந்து காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று பிரிந்தன. ஓர் உறையைக் கையில் எடுத்தால் இந்த ஒழுங்கில் படியுங்கள். முன்பக்கத்தில் தலைகள், அவற்றின்மேல் புறப்பட்ட ஊரின் முத்திரை. பின்பக்கத்தைத் திருப்பினால் வழியிலுள்ள ஊர்களின் முத்திரைகளும் சேர்ந்த ஊரின் முத்திரையும் தேதியோடு இருக்கும். தைப்பிங்கில் போட்டு, பினாங்கு வழியாக, நாகப்பட்டினத்தில் இறங்கி, தேவகோட்டையில் சேர்ந்த கடிதமானால் நான்கு முத்திரைகள் சேர்ந்து ஈயப்பணத்தின் வரைபடத்தையே வரைந்துவிடுகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். மலாய் மாநிலங்களின் தலைகள் தொடக்க ஆண்டுகளில் தீபகற்பத்துக்கு வெளியே செல்லுபடியாகவில்லை. அதனால் 1890களில் பேராக்கிலிருந்து இந்தியாவுக்குப் போன கடிதத்தில் புலிக்குப் பதிலாக நீரிணைக் குடியேற்றங்களின் தலை ஒட்டி, தைப்பிங் முத்திரை விழுந்திருந்தால் அது தவறல்ல, முறைதான். அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முகவரியில் முதலெழுத்துகளின் ஒரு வரிசை இருக்கும். அதுதான் விலாசம், குடும்பத் தொழிலின் அடையாளம். பாட்டன், தந்தை, மகன் பெயர்களின் முதலெழுத்துகள் அதில் கோத்திருக்கும். ஒரே விலாசத்துக்கு வந்த உறைகள் பல சந்தையில் சிதறிக் கிடக்கின்றன. முடிந்தால் ஒரு விலாசத்தைத் தேர்ந்துகொண்டு அதை மட்டும் தொடருங்கள். பலவற்றில் ஒவ்வொன்று வைத்திருப்பதைவிட ஒரே கிட்டங்கியின் இருபது ஆண்டுக் கடிதப் போக்குவரத்து வரலாற்றுக்கு எத்தனையோ மடங்கு உதவும்.

உள்ளே கடிதம் இருந்தால் நல்ல காலம். அதன் தேதி ஆங்கில ஆண்டில் இருக்காது, தமிழ் ஆண்டில் இருக்கும். பிரபவ என்பது 1867–68. தாது வருஷப் பஞ்சம் எல்லோருக்கும் தெரிந்தது, அது 1876–77. பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவே ஆண்டு மாறுவதை நினைவில் வைத்து இந்த இரண்டு முளைகளிலிருந்து எண்ணினால் எந்த ஆண்டையும் பிடித்துவிடலாம். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் பிரபவ மறுபடியும் 1927இல் வரும். எந்தப் பிரபவ என்பதைத் தபால்தலையே சொல்லிவிடும், விக்டோரியா இருந்தால் முதல் சுற்று, ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால் இரண்டாவது. கணக்கில் தமிழ் எண்களும் பின்னக் குறிகளும் வரும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரு வேண்டுகோள். உறையிலிருந்து தலையை வெட்டி எடுக்காதீர்கள், ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். சாதாரண 4 சென்ட் தலை தனியாக ஒன்றுமில்லை, உறைமேல் இருக்கும்போது அது சாட்சி. ஊரில் பழைய வீடு இடிக்கும்போது காகிதக்காரர் எடைக்கு வாங்கும் மூட்டைகளில் இவை போய்விடுகின்றன. உங்கள் உறவில் அப்படி ஒரு வீடு இருந்தால் பரணை நீங்களே முதலில் பாருங்கள். கடிதத்தில் குடும்பச் செய்தி இருந்தால் உரியவர்கள் அனுமதி இல்லாமல் வெளியிட வேண்டாம்.

புரோநோட்டுகளையும் விடாதீர்கள். அவற்றின்மேல் ஒட்டிய வருவாய்த் தலைகளும் இதே வரலாற்றைச் சேர்ந்தவை. அஞ்சலுக்கும் வருவாய்க்கும் பொதுவாக விற்ற உயர்மதிப்பு யானைத் தலைகள் பெரும்பாலும் இப்படிப் பத்திரங்களில்தான் பயன்பட்டன. பேனாவால் கோடிட்டு ரத்துசெய்தவை அவை. மோசடிக்காரர்கள் அந்தப் பேனா மையைக் கழுவிவிட்டுப் போலித் தபால் முத்திரை குத்தி விற்பதுண்டு. டாலர் மதிப்புள்ள எந்தத் தலையையும் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, காகிதத்தின் மேற்பரப்பு மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தோடு முழுதாகக் கிடைத்தால் மலிவும் கூட, மோசடிக்கு இடமும் இல்லை.

ஈயக்கப்பல் தலையில் ஏறியபோது

ஈயம் கடைசியில் படமாக வந்தது ஜப்பானிய ஆட்சியில். 1941 டிசம்பரில் பினாங்கைப் பிடித்த ஜப்பானியர், 1942இல் கைவசமிருந்த நீரிணைத் தலைகளின்மேல் ஒகுகாவா, உச்சிபோரி என்ற அதிகாரிகளின் முத்திரைகளைக் குத்தி விற்றார்கள். போலிகள் மலிந்த பகுதி இது, ஒதுங்கியே இருங்கள். 1943இல் புதிதாக அச்சிட்ட மலாயா வரிசையில் ரப்பர் பால் வெட்டுதல், பழங்கள், மீனவ கிராமம் ஆகியவற்றோடு ஈயம் தோண்டும் கப்பலும் இடம்பெற்றது. அந்தத் தலை விலை குறைந்தது, வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். அதே 1943இல்தான் பாப்பான் என்ற சுரங்க ஊரில் மருந்தகம் நடத்திக் காட்டிலிருந்த போராளிகளுக்கு ரகசியமாக மருத்துவம் செய்த சிபில் கார்த்திகேசுவை ஜப்பானியர் கைது செய்தார்கள். சித்திரவதையின் விளைவால் அவர் 1948இல் இறந்தார். உங்கள் கிந்தாக் குவியலில் பாப்பான் முத்திரை ஒன்று இருந்தால் இந்தத் தலைக்குப் பக்கத்தில்தான் அதன் இடம்.

சுதந்திரத்துக்குச் சில மாதம் முன், 1957 மே 5ஆம் தேதி, மலாயா கூட்டரசின் பொதுத் தலைகள் நான்கு வெளிவந்தன. அவற்றில் 25 சென்ட் தலையில் ஈயக்கப்பல் இருக்கிறது. என் கருத்தில் இந்தத் துறையின் மிக அழகான தலை இதுதான். குட்டையில் மிதந்தபடி வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி, உள்ளேயே அலசி, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு கழிவைப் பின்னால் தள்ளும் அந்த இயந்திரத்தை இத்தனை சிறிய காகிதத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். இது எல்லா மாநிலத்திலும் செல்லுபடியானதால் பினாங்கு, ஈப்போ, பத்து காஜா முத்திரைகளோடு தனித்தனியே தேடுங்கள். பின் 1974இல் கோலாலம்பூரில் நடந்த நான்காவது உலக ஈய மாநாட்டுக்கு மலேசியா ஒரு வரிசை வெளியிட்டது. பதினோராண்டில், 1985 அக்டோபரில், சர்வதேச ஈயக் கவுன்சிலின் கையிருப்புப் பணம் தீர்ந்து விலை இடிந்துவிழுந்தது. கிந்தாவின் பெரும்பாலான சுரங்கங்கள் அதோடு போயின.

உலகப் பக்கம் ஒன்று சேர்க்க விரும்பினால் நைஜீரியா 1936இல் வெளியிட்ட ஒன்றரைப் பென்னித் தலையில் ஓர் ஈயக்கப்பல் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி அங்கே படமாக்கியதை இங்கே ஏன் படமாக்கவில்லை என்ற கேள்வியை அந்தத் தலை எழுப்பிவிடும். தமிழ்நாட்டு வாசகருக்குக் கோலார் தங்கவயல் இன்னும் அருகில். ஊர்காம், சாம்பியன் ரீஃப்ஸ், மாரிக்குப்பம் என்ற முத்திரைகளைத் தேடி இதே முறையில் பிரித்தால் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன உழைப்பாளிகளின் கதை விரியும்.

பினாங்குக் காற்றில் காப்பது

இங்கத்திய ஈரக்காற்று காகிதத்துக்கு எதிரி. பசை உருகித் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டும், பழுப்புப் புள்ளிகள் படரும். புள்ளி விழுந்த தலையை மற்றவற்றோடு வைத்தால் அவற்றிலும் பரவும், உடனே தனியே எடுத்துவிடுங்கள். ஆல்பத்தைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவையுங்கள், பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள், மாதம் ஒருமுறை திறந்து காற்றுப் படவிடுங்கள். மலிவான பிவிசி உறைகள் மையைக் கெடுக்கும். விரலால் தொடாமல் சாமணத்தால் எடுங்கள்.

தண்ணீரில் ஊறவைப்பது பற்றி எச்சரிக்கை. 1890கள் முதல் வந்த ஊதா, பச்சை நிறத் தலைகள் பலவும், உயர்மதிப்புத் தலைகளும், முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்கவென்றே தண்ணீரில் கரையும் மையில் அச்சிடப்பட்டவை. ஊறவைத்தால் புலி கரைந்துபோகும். முழு உறையாக இல்லாமல் துண்டுக் காகிதத்தோடு ஒட்டியிருந்தால் சுற்றிலும் விளிம்பு விட்டு வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது, எங்கே பார்ப்பது

ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போங்கள். ஏற்கெனவே ஆல்பத்தில் ஒட்டி விற்பதைவிடப் பிஸ்கட் டின்னில் கொட்டிக் கிடப்பதே உங்களுக்கு உகந்தது. லண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக் தலைகளுக்கு அடிப்படை. முத்திரைகளுக்கு, 1959இல் இங்கிலாந்தில் தொடங்கிய மலாயா ஆய்வுக் குழுவின் இதழையும் வெளியீடுகளையும் நாடுங்கள்.

ஆல்பத்தோடு இடங்களையும் பாருங்கள். சர்ச் தெருவில் இன்று பெரானாக்கான் அருங்காட்சியகமாக உள்ள மாளிகை, லாருட் ஈயத்தில் செல்வந்தரான ஹாய் சான் தலைவர் சுங் கெங் குவீயினுடையது. கம்பாரில் ஈயச் சுரங்க அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஐந்தாம் எண் ஈயக்கப்பலுக்குள் ஏறியே பார்க்கலாம். 25 சென்ட் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வாளிகளை எண்ணிப் பாருங்கள், ஓவியர் எதைச் சுருக்கினார் என்பது புரியும். தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் ஒவ்வோர் ஊர்த் தபாலாபீசிலும் உங்கள் முகவரிக்கே ஓர் உறை அனுப்பிக்கொள்ளுங்கள். இயந்திர முத்திரை வேண்டாம், ஊர்ப்பெயர் தெரியும்படி கையால் தலையின் நடுவில் குத்தித் தாருங்கள் என்று கவுண்டரில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். உறைக்குள் ஓர் அட்டையை வையுங்கள், முத்திரை பள்ளமில்லாமல் விழும். அட்டையில் அன்றைக்கு அந்த ஊரில் பார்த்ததைப் பென்சிலால் நாலு வரி எழுதுங்கள்: எந்த ஈயக்குட்டையில் இப்போது மீன் வளர்க்கிறார்கள், எந்தக் கடைவீடு பூட்டிக் கிடக்கிறது, பழைய ஆபீஸ் எங்கே இருந்தது. பேனா வேண்டாம், ஈரத்தில் மை பரவும்.